ஹாஜரா ஓடிய ஓட்டம்

அமினா வதூத் தன் பெயரை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில்தான் எழுதுவார். தமிழில் அந்த வசதி இல்லை. அவருடைய 'குர்ஆனும் பெண்ணும்' முதலில் அச்சானது 1992-இல், கோலாலம்பூரில். இங்குள்ள சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வகையில் நம்ம ஊர்ப் புத்தகம்தான். எனக்குத் தெரிந்த எந்தத் தமிழ் முஸ்லிம் வீட்டு அலமாரியிலும் அதைப் பார்த்ததில்லை.

பொறியியல் படித்த எனக்கு அந்தப் புத்தகத்தின் கறார் பிடித்திருந்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 34-ஆவது வசனத்தில் ஆணுக்குச் சொல்லப்படும் பொறுப்பு, அவன் குடும்பத்துக்குச் செலவழிப்பதோடு கட்டப்பட்டது. செலவழிக்காதவனுக்கு அந்த இடம் இல்லை என்கிறார். 'நுஷூஸ்' என்பதைக் கணவனுக்குக் கீழ்ப்படியாமை என்று மட்டும் எடுக்க முடியாது, 128-ஆவது வசனத்தில் அதே சொல் கணவனுக்கும் வருகிறதே என்கிறார். 'ளரப' என்ற சொல்லுக்கு அடிப்பது தவிர வேறு பொருள்களும் உண்டு என்று காட்டுகிறார். எல்லாம் சரி. ஆனால் இலக்கணத்தால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அதில் கொஞ்சம் அதிகம்.

2006-இல் வந்த 'பாலின ஜிஹாதின் உள்ளே' அப்படியில்லை. கலைந்து கிடக்கிற புத்தகம். சொந்தக் கதை, கோபம், இறையியல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. அதே 34-ஆவது வசனத்துக்குத் திரும்பி வந்து, நேர்ப்பொருளில் அதை நடைமுறைப்படுத்துவதை ஏற்க முடியாது என்றே சொல்லிவிடுகிறார். முதல் புத்தகத்தின் ஆய்வாளர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

அதில் ஹாஜரா பற்றிய அத்தியாயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பாலைவனத்தில் கைக்குழந்தையோடு விடப்பட்டு, தண்ணீர் தேடி ஓடிய தாயின் ஓட்டத்தை ஒவ்வொரு ஹாஜியும் தொங்கோட்டமாக ஓடுகிறார். ஆனால் குடும்பச் சட்டம் மனதில் வைத்திருக்கும் குடும்பத்தில் அவளைப் போன்ற ஒருத்திக்கு இடமில்லை என்கிறார் வதூத். ஹஜ்ஜுப் பெருநாள் பயானில் ஹாஜரா அம்மையாரின் பொறுமையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அக்காவின் நிக்காஹ் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷமா ஒரு வெள்ளிகூட அனுப்பாத அத்தா வலியாக வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். நாசி லெமாக் கட்டி விற்று எங்களை வளர்த்த உம்மா, உள்ளே பெண்களோடு இருந்தார். மார்க்கப்படி எதுவும் தப்பில்லை என்றார்கள். 1992-இன் வாதம் அந்த மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

வதூத் மீது எனக்குக் குறையும் உண்டு. சட்டத்தில் உள்ள ஓட்டையை இவ்வளவு துல்லியமாகத் தொட்டவர், எந்த விதியை எப்படி மாற்றுவது என்ற இடத்தில் வேகமாகக் கடந்துபோகிறார். எனக்கு அங்கேதான் இன்னும் பத்துப் பக்கம் வேண்டியிருந்தது.

உம்மாவிடம் அந்த அத்தியாயத்தைச் சொன்னேன். வாழை இலையைத் துடைத்துக்கொண்டே, "எழுதினவங்களும் பிள்ளைங்கள தனியா வளத்தவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.