ஊர்சமிதியின் எல்லைகள்: அட்டப்பாடியும் மூணாறும் காட்டும் பாடம்

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் 2013ஆம் ஆண்டு பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அதற்குக் காரணம் கொள்ளைநோய் அன்று, தாய்மாரின் இரத்தசோகையும் எடை குறைந்த பிறப்பும் அவற்றுக்குப் பின்னால் இருந்த ஊட்டமின்மையுமே என்பது தெளிவாயிற்று. ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு இறப்பு 12 என்ற அளவில் நாட்டின் பெரிய மாநிலங்களுள் முன்னணியில் நின்ற கேரளத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய ஒரு மலைவட்டாரம் இவ்வாறு விடுபட்டுப்போனது அரசை உலுக்கியது. அரசு உதவிக்கு அழைத்த அமைப்பு குடும்பஸ்ரீ. 1998இல் தொடங்கப்பட்ட இம்மகளிர் இயக்கம், அயல்கூட்டம் எனப்படும் அக்கம்பக்கத்துப் பெண்களின் சிறு குழுக்களை அடித்தளமாகக் கொண்டது. அதன் வழியாக ஊர்களில் சமுதாய அடுக்களைகள் திறக்கப்பட்டன. 2014 முதல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் நிதியுடன் தனித்திட்டம் ஒன்று தொடங்கி, ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பிலும் ஊர்சமிதி என்னும் பெண்கள் அவை அமைந்தது.

இந்த ஏற்பாட்டின் முதன்மையான வலிமை நம்பிக்கை சார்ந்தது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று சமூகத்தாரும் தத்தம் மொழியை வீட்டில் பேசுபவர்கள். மருத்துவமனையின் மலையாளமும் அங்கே நடத்தப்படும் விதமும் ஒருங்கே அவர்களை விலக்கி வைத்தன. ஊர்சமிதியோ அதே ஊரில் பிறந்த இளம்பெண்களை அனிமேட்டர்களாக, அதாவது வீடுவீடாகச் சென்று மக்களை ஒருங்கிணைக்கும் களப்பணியாளர்களாக, அமர்த்தியது. கருவுற்ற பெண் ஒருத்தி சில நாட்களாகச் சரியாக உண்ணவில்லை என்பது கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் மருத்துவமனையின் பதிவேட்டுக்கு எட்டுவதற்கு முன்பே அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவை முறையான மருத்துவத்தோடு இணைக்கும் பாலமாக அமைப்பு நின்றது. எந்தத் துறை அலுவலரும் எத்தனை வாகனங்கள் வைத்திருந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆயினும் அடுக்களை தொட்டது பசியைத்தான், பசி வந்த வழியை அன்று. 1951இல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். 2011இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் குடியேறியவர்களிடம் நிலம் கைமாறியது. கேழ்வரகும் சாமையும் துவரையும் விளைந்த காடுகள் சுருங்கின. தட்டில் பலவகை தானியம் இருந்த இடத்தில் நியாயவிலைக் கடையின் அரிசி மட்டும் மிஞ்சியது. பறிபோன நிலத்தை மீட்டுத் தர 1975இல் கேரளம் இயற்றிய சட்டம் நெடுங்காலம் நடைமுறைக்கே வரவில்லை. 1999இல் வந்த மாற்றுச் சட்டம், இரண்டு ஹெக்டேர் வரையிலான கைமாற்றங்களை ஏற்றுக்கொண்டு, இழந்தவர்களுக்கு வேறிடத்தில் நிலம் தருவதாகச் சொன்னது. குடும்பஸ்ரீப் பெண்கள் சிறுதானியச் சாகுபடியை மீண்டும் தொடங்கியிருப்பது உண்மையிலேயே போற்றத்தக்கது. ஆனால் உழுவதற்கு நிலம் இருக்கும் ஊரில்தான் அது நிலைக்கும். நிலத்தகராறு நிலவும் ஊரில் ஊர்சமிதியால் தீர்மானம் எழுத முடியும், பட்டா வழங்க முடியாது.

இரண்டாவது குறை காலம் பற்றியது. குடும்பஸ்ரீக்கு முன்பே, 1995இல், ஜப்பானியக் கடனுதவியுடன் அஹாட்ஸ் என்னும் அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் உருவாகி, ஊர்தோறும் ஊர்வளர்ச்சிக் குழுக்களை அமைத்துக் காடு வளர்ப்பிலும் மண்காப்பிலும் அவற்றை ஈடுபடுத்தியது. தரிசான சரிவுகள் பசுமை பெற்றன என்பதை மறுக்க இயலாது. திட்டக்காலம் முடிந்ததும் அக்குழுக்கள் பெரும்பாலும் ஓய்ந்துபோயின. ஏனெனில் அவற்றின் கணக்கும் கடமையும் ஊரை நோக்கி அன்றி நிதி தந்தவரை நோக்கியே இருந்தன. அடுத்த திட்டம் வந்தபோது மக்கள் மீண்டும் புதிய பெயரில் புதிய குழு அமைக்க வேண்டியதாயிற்று.

நிதியை எதிர்பாராமல் எழுந்த அமைப்புக்கு வேறு இயல்பு உண்டு. அட்டப்பாடிப் பெண்களின் தாய்க்குல சங்கம் சாராயத்துக்கு எதிராகத் தானே திரண்டது. வட்டாரத்தில் மதுவிலக்கு இருந்தும், எல்லைக்கு அப்பால் ஆனைகட்டியில் இயங்கிய தமிழக அரசின் மதுக்கடையால் அது பொருளற்றுப் போவதைக் கண்டு, 2016இல் அக்கடையை மூடக் கோரிப் போராடியது. இரு மாநில நிருவாகங்களும் தத்தம் எல்லைக்குள் நின்றுகொண்ட ஒரு சிக்கலை, எல்லையைக் கடந்து பார்த்தவர்கள் இப்பெண்களே.

இடுக்கியின் மூணாறில் இதே இயல்பின் மறுபக்கத்தைக் காணலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் தருவது தோட்ட நிறுவனத்தின் கடமையாக இருந்ததால், அங்கு உடல்நலம் என்பது லயம் எனப்படும் வரிசை வீட்டின் கூரையோடும் நாட்கூலியோடும் பிணைந்திருந்தது. 2015 செப்டம்பரில், பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைப் புறந்தள்ளி, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மறியல் செய்து 20 விழுக்காடு போனசை வென்றனர். கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ஆக்கக் கேட்டபோதோ, அடுத்த மாதம் கிடைத்தது 301. பின்னர் இயக்கம் பிளவுபட்டு வலுவிழந்தது. அட்டப்பாடியில் கட்டமைப்பு இருந்தது, பேரம் பேசும் ஆற்றல் இல்லை. மூணாறில் அந்த ஆற்றல் இருந்தது, அதை ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கும் கட்டமைப்பு வளரவில்லை.

இவ்விரு பகுதிகளிலும் சுமை விழுவது பெண்கள் மீதே என்பதைத் தனியே சொல்லவேண்டும். ஊதியம் என்று பெயரிடாமல் மதிப்பூதியம் என்று கொடுக்கப்படும் சிறு தொகைக்கு, நலப்பணியின் மிகக் கடினமான பகுதி, அதாவது மலையேறி ஒவ்வொரு வீட்டுக்கும் போவது, ஒப்படைக்கப்பட்டுள்ளது. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷா எனப்படும் சமூக நலப்பணியாளர்கள் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து, மாதம் 7,000 ரூபாயை 21,000 ஆக்கக் கேட்டது இதே அநீதிக்கு எதிராகத்தான். தொண்டு என்ற சொல்லால் இதை மூடிவைத்த காலம் போதும். ஊர்சமிதியின் பெண்ணுக்கு முறையான ஊதியமும், கோட்டத்தறை மருத்துவமனையின் நிருவாகக் கூட்டத்தில் மருத்துவர் பணியிடம் ஏன் காலியாக உள்ளது என்று கேட்டு விடை பெறும் உரிமையும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு ஏற்கெனவே அளித்துள்ள அதிகாரத்தின் துணையும் ஒருங்கே கிடைத்தாலன்றி, அடுத்த திட்டக்காலம் முடியும்போது அவள் மீண்டும் வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் முதலிலிருந்து தொடங்க நேரும்.