ஏழாம் மாதத்து ராஜினாமா

பேறுகால விடுப்பை ஒட்டிச் செவிலியர் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவதுதான் நாகரிகம் என்ற பேச்சு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளைச் சுற்றி இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. "கேஸும் கூட்டமும் நமக்கு என்னத்துக்கு மக்ளே, எழுதிக் குடுத்துட்டு நல்லபடியா வந்துரு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நிர்வாக அலுவலகமும் அதையேதான் சொல்கிறது. இரு தரப்பும் ஒரே ஆலோசனையைச் சொல்லும்போது அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டாக வேண்டும்.

அந்த ஆலோசனையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கணவர் குவைத்திலோ மஸ்கட்டிலோ இருக்க, பிள்ளையோடு அங்கே போகிறவருக்கு வேலையை விடுவதுதான் வழி. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத வீடுகளும் உண்டு. மனக்கசப்பில்லாமல் பிரிந்தால் நாளை அதே ஊரில் இன்னொரு வேலை கேட்டுப் போகலாம். இவ்வளவும் சரி.

என் மறுப்பு அந்த ராஜினாமாக் கடிதத்தின் தேதியைப் பற்றியது. ஏழாம் மாதச் சடங்கு முடிந்து தாய்வீட்டுக்குப் புறப்படுகிற சமயத்தில், விடுப்புக் கேட்கப் போன இடத்தில் அது வாங்கப்படுகிறது. வாசகம் முன்பே தட்டச்சாகி மேசைமேல் இருக்கும்: 'எனது சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்.' கையெழுத்து மட்டும்தான் அவளுடையது. போட்டால், வேலையில் சேர்ந்த அன்று வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சான்றிதழ்கள் உடனே கைக்கு வரும். அனுபவச் சான்றிதழும் கிடைக்கும். அவளுக்குச் சொந்தமானதையே அவளுக்கு விலையாகக் கொடுக்கிறார்கள்.

1961-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதைச் சட்டவிரோதம் என்றது. கர்ப்பமாக இருக்கையில் நீக்கினாலும், கடும் ஒழுங்கீனத்துக்காக என்றாலொழிய, அவளுக்குச் சேரவேண்டிய பணம் நின்றுபோகாது என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் காப்பைக் கைவிடவில்லை. துரத்தப்பட்டவளுக்குச் சட்டம் துணை நிற்கிறது. சொந்தக் காரணம் என்று எழுதியவளோ, தான் கையெழுத்திட்ட தாள் பொய் என்று தானே நிரூபிக்க வேண்டியவளாகிறாள். நிர்வாகத்துக்கு இது தெரியும். தெரிந்துதான் வேலைநீக்க உத்தரவு எழுதாமல் ராஜினாமா கேட்கிறது.

நஷ்டத்தைக் கணக்காகவே பார்க்கலாம். மாதம் 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் செவிலியர் ஒருவர், நான்கு வருடம் ஏழு மாதம் வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2017 திருத்தப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. அது 90,000 ரூபாயை ஒட்டி வரும். அந்த 26 வாரமும் பணிக்கொடைக்கான சேவைக் காலத்தில் சேரும். விடுப்பை முடித்துவிட்டு ராஜினாமா எழுதினால் பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்து வருடம் தாண்டிவிடும். பணிக்கொடையாக ஏறக்குறைய 43,000 ரூபாய் வரும். ஏழாம் மாதத்தில் எழுதினால் பணிக்கொடை இல்லை; பேறுகாலப் பணத்துக்கு வழக்காட வேண்டிவரும். நல்லபடியாகப் பிரிந்து வந்ததற்கு அவள் கட்டும் விலை இது.

சின்ன ஆஸ்பத்திரி இதையெல்லாம் எப்படித் தாங்கும் என்று கேட்பவர்கள் சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, ஈ.எஸ்.ஐ. பிடித்தமும் இருந்தால், பேறுகாலப் பணத்தைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ. கழகம். நிர்வாகம் தாங்க வேண்டிய பாரம் மாற்று ஆள் தேடுவதுதான். அதைத் தவிர்க்க ஒரு பெண்ணின் உரிமையை எழுதி வாங்குவதை நாகரிகம் என்று நம்மையும் சொல்லவைத்துவிட்டார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நிரந்தரச் செவிலியராக இருப்பவருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு. அதே படிப்புப் படித்து, சில கிலோமீட்டர் தள்ளி அதே இரவுப் பணி பார்ப்பவருக்குத் தட்டச்சு செய்த தாள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு காட்டி மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. படித்த பெண்ணிடம் படிக்க நேரம் கொடுக்காமல் கையெழுத்து வாங்குவதை நாம் இன்னும் குடும்ப கௌரவம் என்கிறோம்.

வேலையை விடுவதென்றால் விடுங்கள். அதற்கு முன் விடுப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். பிள்ளையைப் பெற்று, 26 வாரத்தையும் முடித்து, பணம் கணக்கில் ஏறிய பிறகு உண்மையான காரணத்தோடு ராஜினாமா எழுதுங்கள். விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பாவிட்டால் பேறுகாலப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் பேசாமல் இருந்துவிட வேண்டாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமான வரம்பு பார்க்காமல், பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம்.