வழிநூல் நோக்கில் நெல்வானா: கனடியச் சிறுவர் அசைவூட்டப் படைப்புகளில் தழுவலின் தரம்

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் டொராண்டோ நகரில் 1971இல் தொடங்கப்பெற்ற நெல்வானா நிறுவனம், சிறுவர் அசைவூட்டத் துறையில் நீண்ட வரலாறு உடையது. தொடக்கத்தில் சொந்தக் கதைகளைப் படைத்த அந்நிறுவனம், பொருளிழப்பிற்குப் பின் பிறர் கதைகளைப் படமாக்கும் பட்டறையாக மாறிவிட்டது என்று கூறுவதுண்டு. தொல்காப்பிய மரபியல் வழிநூலுக்குக் கூறும் நால்வகைப் பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு அக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. நெல்வானா தொடக்கம் முதலே வழிநூல் படைத்து வந்த நிறுவனம் என்பதும், அதன் படைப்புகளின் தரத்தை முடிவு செய்வது தழுவலின் வகையும் அளவுமே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுவர் அசைவூட்டம், நெல்வானா, தழுவல், வழிநூல், படநூல், மரபியல்.

முன்னுரை

ஓர் அசைவூட்ட நிறுவனத்தின் படைப்புகளை ஒட்டுமொத்தமாக மதிப்பிட முற்படும் திறனாய்வாளர் முதலில் எதிர்கொள்வது ஆசிரியன் யார் என்னும் சிக்கலாகும். எழுத்தாளர், ஓவியர், இயக்குநர், தயாரிப்பாளர், ஒளிபரப்பாளர் எனப் பலர் கூடிச் செய்யும் ஆக்கத்தில் ஒருவர் குரலைத் தேடுவது பயன் தராது. படைப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது, எடுத்ததை என்ன செய்தது என்னும் வினாக்களே அங்குப் பயனுடையவை. இவ்வினாக்களுக்கு உரிய கலைச்சொற்கள் தமிழிலக்கண மரபில் உள்ளன. நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கும் மரபியல், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அது பட்டியலிடுகிறது. அவ்விலக்கணம் அறிவு நூல்களைக் கருத்திற்கொண்டு எழுந்தது, கதைப்படங்களுக்காக வகுக்கப்பட்டதன்று. எனினும், எடுத்ததைச் சுருக்குவதும் பெருக்குவதும் வேற்றுமொழியில் ஆக்குவதும் எல்லாத் தழுவலுக்கும் பொதுவான செயல்கள் ஆதலின், அப்பாகுபாட்டை இங்கு விரித்துப் பயன்படுத்த இடமுண்டு.

பெயரும் தொடக்கமும்

மைக்கேல் ஹிர்ஷ், பேட்ரிக் லூபெர், கிளைவ் ஸ்மித் ஆகிய மூவர் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இவர்களுள் ஹிர்ஷும் லூபெரும் போர்க்காலக் கனடியச் சித்திரக்கதைகளைப் பற்றி 1971இல் ஒரு நூல் வெளியிட்டவர்கள். 1940 டிசம்பரில் கனடிய அரசு அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்கள் உள்ளிட்ட பல பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அந்த வெற்றிடத்தில் உள்நாட்டுச் சித்திரக்கதைகள் தோன்றின. ஏட்ரியன் டிங்கிள் 1941இல் படைத்த 'வடக்கு ஒளியின் நெல்வானா' அவற்றுள் ஒன்று. தடை நீங்கி அமெரிக்க இதழ்கள் மீண்டும் வந்தபின் 1947இல் அவள் கதையும் முடிந்தது. மறக்கப்பட்டிருந்த அத்தலைவியின் பெயரையே நிறுவனர்கள் தம் நிறுவனத்திற்குச் சூட்டினர்.

இப்பெயரே ஒரு வழிநூலின் விளைவு என்பது கருதத்தக்கது. ஆர்க்டிக் பகுதிக்குச் சென்று திரும்பிய ஓவியர் ஃபிரான்ஸ் ஜான்ஸ்டன், இன்யூட் மக்களிடையே கேட்ட ஒரு தொன்மப் பெண்ணைப் பற்றி டிங்கிளிடம் கூறினார். டிங்கிள் அவளை இளமையும் மாயவாற்றலும் கொண்ட வீரத்தலைவியாக மாற்றி வரைந்தார். இன்யூட் வாய்மொழி முதல்நூலாகவும், ஜான்ஸ்டனின் கூற்று இடைநிலையாகவும், சித்திரக்கதை வழிநூலாகவும் அமைந்தன. கனடியத் தற்சார்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட பெயர், அந்நிலத்தின் தொல்குடியிடமிருந்து அவர்தம் பங்கேற்பின்றி எடுக்கப்பட்டதாகும்.

'சொந்தக் கதைகள்' எனப்படுபவை

1977க்கும் 1980க்கும் இடையில் நெல்வானா தொலைக்காட்சிக்கென அரைமணிநேரச் சிறப்புப் படங்கள் சிலவற்றை உருவாக்கியது. இவையே அதன் சொந்தப் படைப்புக் காலத்தின் சான்றுகளாகக் காட்டப்படுவன. ஆயின் இவற்றின் கதைமூலங்களை நோக்கினால் வேறொரு உண்மை புலப்படுகிறது. 'எ காஸ்மிக் கிறிஸ்துமஸ்' (1977) வேற்றுக்கோளிலிருந்து மூவர் புவிக்கு வந்து கிறிஸ்துமஸின் பொருளைத் தேடும் கதை. விவிலியத்தின் கீழ்த்திசை ஞானியர் மூவரை அது விண்வெளிக்குப் பெயர்க்கிறது. 'தி டெவில் அண்ட் டேனியல் மவுஸ்' (1978) ஸ்டீபன் வின்சென்ட் பெனேயின் சிறுகதையைப் பாட்டுப் பாடும் எலிகளின் உலகிற்குக் கொண்டு வருகிறது. 'ரோமி-0 அண்ட் ஜூலி-8' (1979) ஷேக்ஸ்பியரின் காதலரை இயந்திர மனிதர்களாக்குகிறது. மூன்றும் நன்கறிந்த கதையைப் புதுக்களத்தில் வைத்துப் பார்க்கும் முறையால் ஆனவை. இவற்றின் புதுமை மூலத்தினும் அதனைத் திருப்பிய கோணத்திலேயே உள்ளது.

'ராக் அண்ட் ரூல்' (1983) இவ்வரிசையின் உச்சம். எலிக்கதையில் இருந்த 'ஆன்மாவை விற்கும் பாடகர்' என்னும் கருவைப் பேரழிவிற்குப் பிந்தைய உலகிற்கு விரித்து, கிளைவ் ஸ்மித் இயக்கிய முழுநீளப்படம் இது. ஏறத்தாழ 80 லட்சம் டாலர் செலவான இப்படம் மிகச்சில அரங்குகளில் மட்டுமே வெளியாகி நிறுவனத்தை வீழ்ச்சியின் விளிம்பில் நிறுத்தியது. எனவே 1983இல் முடிந்தது சொந்தக் கதைகளின் காலம் என்பதைவிட, மூலத்தைத் தாமே தேர்ந்து தம் விருப்பப்படி திருப்பும் உரிமையின் காலம் என்பதே பொருந்தும்.

மூலமில்லா வழிநூல்

நிறுவனத்தை மீட்டது 'தி கேர் பியர்ஸ் மூவி' (1985). ஆர்னா செல்ஸ்னிக் இயக்கிய இப்படம் வட அமெரிக்கத் திரையரங்குகளில் 2 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. இதன் மூலம் ஒரு வாழ்த்தட்டை நிறுவனம் உருவாக்கிப் பின்னர் பொம்மைகளாகவும் விற்கப்பட்ட கரடி உருவங்கள். வயிற்றில் பொறித்த சின்னத்தால் ஒவ்வொரு கரடியும் ஒரே உணர்வைக் குறிக்கும். அடையாள உருவங்கள் இருந்தனவே தவிர, படமாக்குவதற்கு உரிய நிறைவான கதையெதுவும் மூலமாக இல்லை.

இப்படத்தை விளம்பரம் என ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்கினால் அதிலுள்ள கலைச்சிக்கலைத் தவறவிடுவோம். ஒற்றையுணர்வு கொண்ட பாத்திரம் மாற இயலாது. மாறாத பாத்திரத்தால் கதை நடவாது. ஆகவே மாயவித்தைக்காரனின் உதவியாளனான நிக்கலஸ் என்னும் தனித்த சிறுவனையும், நம்பிக்கை இழந்த அநாதைக் குழந்தைகள் இருவரையும் படம் புகுத்துகிறது. தனிமை பகையாகத் திரிவதும் பின் தணிவதும் நிக்கலஸிடமே நிகழ்கின்றன. விற்பனைக்குரிய உருவங்கள் நிலையாய் நிற்க, விற்பனைக்கில்லாத மனிதக் குழந்தைகள் கதையைச் சுமக்கின்றனர்.

தொகுத்தலும் தொகைவிரியும்

1989 முதல் நெல்வானா நூல்களை நோக்கித் திரும்பியது. கனடாவும் பிரான்சும் 1963 முதல் கொண்டிருந்த கூட்டுத்தயாரிப்பு உடன்படிக்கை இத்திருப்பத்திற்கு உதவியது. கூட்டுத்தயாரிப்பாக அமையும் படைப்பு இருநாட்டிலும் உள்நாட்டுப் படைப்பாகக் கணக்கிடப்படும். பிரெஞ்சு நிறுவனமான எலிப்ஸுடன் இணைந்து உருவான 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் டின்டின்' (1991–92) 39 பகுதிகள் கொண்டது. எர்ஜேயின் தெளிகோட்டு ஓவியமுறையைப் பேணி, ஒவ்வொரு நூலையும் ஒன்றிரண்டு பகுதிகளுக்குள் அடக்கிய இது தொகுத்தலுக்குத் தக்க சான்று. குடியேற்றவாத நோக்கிற்காகக் கண்டனத்திற்குள்ளான காங்கோ பற்றிய நூல் இத்தொடரில் இடம்பெறவில்லை.

'பாபர்' (1989–91) இதே சிக்கலை வேறுவகையில் கையாள்கிறது. ழான் தெ புருனோஃப் 1931இல் வெளியிட்ட மூலநூலை ஏரியல் டோர்ஃப்மன் போன்றோர் குடியேற்றவாத உருவகமாக வாசித்துள்ளனர். தொடர் தாய்யானை வேட்டைக்காரனால் கொல்லப்படுவதை விலக்காமல் தொடக்கத்திலேயே வைக்கிறது. ஆனால் அரசனான பாபர் தன் பிள்ளைகளுக்குக் கூறும் நினைவாகக் கதையை அமைக்கிறது. இழப்பின் வலி காக்கப்படுகிறது. நகரமும் உடையும் நாகரிகமும் பற்றிய வரலாற்று வினா குடும்ப நினைவுக்குள் கரைந்துவிடுகிறது. மூலத்தின் துயரத்திற்கு நேர்மையாக இருந்த தொடர், அதன் அரசியலுக்கு அவ்வாறு இருக்கவில்லை.

தொகைவிரிக்குச் சான்றாவது ஜோனா கோல், புரூஸ் டீகன் ஆகியோரின் நூல்வரிசையைத் தழுவிய 'தி மேஜிக் ஸ்கூல் பஸ்' (1994–97). நூலின் ஓரக்குறிப்புகளைச் சுருக்கி, பயணத்தை விரித்தது தொடர். நூலின் இறுதியில் எது உண்மை, எது கற்பனை என ஆசிரியர் பிரித்துக்காட்டும் பக்கம், தொடரில் குழந்தைகள் தொலைபேசியில் தயாரிப்பாளரிடம் பிழை சுட்டும் காட்சியாகிறது. வழிநூல் தன் குறையைத் தானே விசாரிக்க இடமளிக்கும் அரிய அமைப்பு இது.

விரித்தல்: இருவேறு வழிகள்

நெல்வானாவின் சிறந்த பணி விரித்தலிலேயே அமைந்தது. எல்சே ஹோல்மலுண்ட் மினாரிக் எழுதி மோரிஸ் செண்டாக் வரைந்த 'லிட்டில் பியர்' நூல்கள் 1957க்கும் 1968க்கும் இடையில் ஐந்து வெளிவந்தன. அவற்றிலிருந்து 1995இல் தொடங்கிய தொடர் 195 சிறுகதைகளாகப் பெருகியது. மூலத்தில் குட்டிக்கரடி பனியில் விளையாடத் தொப்பியும் மேலாடையும் கேட்டுப் பெற்று, இறுதியில் தன் மயிர்த்தோலே போதும் என உணர்கிறது. இக்கதையில் நீதி கூறப்படுவதில்லை. தாய் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தைத்துத் தருவது மட்டுமே நிகழ்கிறது. தொடர் பெருக்கியது இந்தப் பொறுமையை. கடலுக்குச் சென்ற தந்தைக்காகக் காத்திருத்தல், மழையைப் பார்த்திருத்தல், பாட்டி வீட்டிற்குச் செல்லல் போன்றவற்றிற்கு அது காலம் ஒதுக்குகிறது. பேச்சில்லாக் கணங்களை இசையால் மட்டும் நிரப்புகிறது. இதனை உலகை விரித்தல் எனலாம்.

பாலெட் பூர்ஷ்வா எழுதி பிரெண்டா கிளார்க் வரைந்த 'ஃபிராங்க்ளின்' கனடிய மூலமுடையது. 1986இல் வெளியான முதல்நூலில் தன் ஓட்டின் இருளுக்கு அஞ்சும் ஆமைக்குட்டி ஓட்டை இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி, வாத்து ஆழத்திற்கும் சிங்கம் ஓசைக்கும் அஞ்சுவதைக் காண்கிறது. அச்சம் எல்லோர்க்கும் உண்டு என்னும் கண்டுபிடிப்பு ஓர் உருவத்தின் வழியே பிறக்கிறது. 1997இல் தொடங்கிய தொடரோ ஒரு குறை, ஒரு தவறு, ஒரு பாடம் என்னும் சட்டகத்தையே பெருக்குகிறது. பொய், பொறாமை, மறதி எனப் பொருள் மாறினும் நடை மாறுவதில்லை. இது அறத்தை விரித்தல்; மரபியல் கூறும் குற்றங்களுள் கூறியது கூறலுக்கு அணுக்கமானது. இந்நூல்களை வெளியிட்ட கிட்ஸ் கேன் பிரஸ்ஸை நெல்வானா 1998இல் வாங்கியது. பின்னர்த் தொடரின் கதைகளே மீண்டும் நூல்களாயின. வழிநூல் தனக்குத்தானே முதல்நூலான நிலை அது.

ரோஸ்மேரி வெல்ஸின் நூல்களைத் தழுவிய 'மேக்ஸ் அண்ட் ரூபி' (2002) மூன்றாம் வழியைக் காட்டுகிறது. மேக்ஸ் பெரும்பாலும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுவான். தமக்கை நீண்ட திட்டம் வகுப்பாள். இறுதியில் அவன் சொல்லே வெல்லும். இங்கும் கூறியது கூறல் உண்டு. அது குழந்தையின் மொழியியல்பாகவும் நகைச்சுவைக்கு அடிப்படையாகவும் அமைவதால் குற்றமாகாது.

மொழிபெயர்ப்பும் குன்றக் கூறலும்

மொழிபெயர்ப்பு வகையில் நெல்வானா சறுக்கியது. 70 பகுதிகள் கொண்ட ஜப்பானியத் தொடரான 'கார்ட்கேப்டர் சகுரா' அதன் ஆங்கில வடிவத்தில் 'கார்ட்கேப்டர்ஸ்' (2000) ஆயிற்று. அமெரிக்க ஒளிபரப்பில் 39 பகுதிகளே இடம்பெற்றன. சகுரா ஆற்றல் பெறும் தொடக்கப் பகுதிகள் முன்வைக்கப்படாமல், சிறுவன் லீ அறிமுகமாகும் எட்டாம் பகுதியிலிருந்து கதை தொடங்கியது. ஆண்குழந்தைகளை ஈர்க்கும் நோக்கில், பெண்குழந்தை தலைவியான கதை இருவர் போட்டியாக மாற்றப்பட்டது. இது குன்றக் கூறல். வடக்கு ஒளியின் தலைவி பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்னொரு தலைவியை அவள் கதையின் நடுவிலிருந்து நகர்த்தியது என்பது கவனத்திற்குரியது.

முடிவுரை

2000இல் கோரஸ் எண்டர்டெயின்மென்ட் 54 கோடி கனடிய டாலருக்கு நெல்வானாவை வாங்கியது. அவ்விலை பெரும்பாலும் கைவசமிருந்த தொடர்களின் மதிப்பாகும். அத்தொடர்களில் பெரும்பான்மை வழிநூல்கள். ஆகவே தழுவலை இந்நிறுவனத்தின் வீழ்ச்சியாகக் கருதுவது பொருந்தாது. தழுவலே அதன் தொழிலும் கலையுமாக இருந்தது. மூலத்தின் நடையையும் மௌனத்தையும் விரித்தபோது அது உயர்ந்தது. மூலத்தின் பாடத்தை மட்டும் விரித்தபோது சலிப்பூட்டியது. சந்தைக்கென மூலத்தின் மையத்தைக் குறைத்தபோது தவறியது.

ஒரு வினா எஞ்சுகிறது. பிரெஞ்சு யானை, பெல்ஜியச் செய்தியாளன், அமெரிக்கக் கரடி, ஜப்பானியச் சிறுமி ஆகியோரின் கதைகளைத் தழுவிய இப்படைப்புகளுள், இங்கு ஆராயப்பட்ட எதுவும் இன்யூட் கதைமரபிலிருந்து வரவில்லை. பெயரளவில் கடன்பட்ட முதல்நூலுக்குப் படைப்பளவில் கடன் செலுத்தப்படவில்லை. சிறுவர் ஊடகங்களில் தழுவலை ஆராய்வோர், எது எவ்வாறு தழுவப்பட்டது என்பதோடு எது தழுவப்படாமலே விடப்பட்டது என்பதையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.