திரையைத் தொட்டுத் தமிழ் எழுத

2011-இல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகள் பலவற்றுக்குள் லினக்ஸ் அந்த வழியாகத்தான் வந்தது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. அந்தத் திரைகளைத் தொட்டால் கைரேகைதான் மிஞ்சும். இன்று திரையைப் பின்னால் மடித்து ஏட்டுப்பலகைபோல் கையில் ஏந்தும் கணினிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு எந்த டெஸ்க்டாப் பொருந்தும்?

லினக்ஸில் டெஸ்க்டாப் ஒன்றல்ல, பல பாணிகள் உண்டு. மூத்த பாணி, மத்தியாஸ் எட்ரிச் 1996-இல் தொடங்கிய கேடிஇ. அது நம்பியிருந்த க்யூட்டி நூலகத்தின் உரிமம் அப்போது கட்டற்றதாக இல்லை என்ற மனக்குறையில், அடுத்த ஆண்டே க்னோம் பிறந்தது. பங்காளிச் சண்டை அன்று தொடங்கியது.

2011-இல் க்னோம் 3 வந்தபோது மவுஸ்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். பொத்தான்கள் பெரிது, அடியில் இருந்த பட்டையைக் காணோம் என்று புகார். அந்தப் பெரிய பொத்தான்கள்தான் இன்று விரலுக்கு வசதி. 2021-இல் வந்த க்னோம் 40-இல் மூன்று விரலால் மேலே தள்ளினால் திறந்திருப்பதெல்லாம் கண்முன் விரியும். கேடிஇயின் பிளாஸ்மாவும் சளைத்ததல்ல. திரையை மடித்ததும் சின்னங்களை இடைவெளி விட்டுப் பெரிதாக்கும். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என்னும் வேறு இரண்டு பாணிகளும் பழைய கணினிக்கு உற்ற துணை. தொடுதிரைக்கோ, திரையைச் சுழற்றவே நாம் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கும்.

என் உரைகல் வேறு: தமிழில் எழுத முடிகிறதா? விரலசைவுகளைப் புகழ்கிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. பிளாஸ்மாவின் வேலாண்டு (திரையில் காட்டும் முறை) அமர்வில் உள்ளீட்டுக்கு ஓர் இருக்கைதான். திரை விசைப்பலகையான மாலிட் அமர்ந்தால், தமிழ்99 விசையமைப்பைத் தரும் எஃப்சிஐடிஎக்ஸ் எழுந்துகொள்ள வேண்டும். க்னோமில் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி உள்ளேயே கலந்திருப்பதால் இந்த இழுபறி குறைவு. ஆனாலும் திரையில் எழும் விசைகளில் தெரிவது தமிழா ஆங்கிலமா என்று, பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, வாங்குமுன்பே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் கையில் ஏந்துபவருக்கு க்னோம், மேசையில் வைத்துத் தட்டுபவருக்கு பிளாஸ்மா என்பேன்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரநிலையான தமிழ்99-இல் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. தட்டச்சுக்காகச் செய்த பங்கீடு, சிறிய திரையை இரு கையால் பிடித்தால் இரு கட்டைவிரலுக்கும் அப்படியே பொருந்துகிறது. 'க'வை இருமுறை தொட்டால் புள்ளி தானே வந்து உட்காரும். கடலூர் துறைமுகம் சந்திப்பில் சிதம்பரம் வண்டி ஏறி முயன்று பாருங்கள். ஆலப்பாக்கம் வருவதற்குள் பழகிவிடாது. ஒரு வாரம் பிடிக்கும்.