ஸ்லீப்பர் கட்டை

தோரோவின் 'வால்டன்' 1854-ல் வெளிவந்தது. ரயில் பாதையில் கிடக்கும் ஸ்லீப்பர் ஒவ்வொன்றும் ஒரு மனிதனே என்று அதில் ஒரு இடம் வருகிறது. ஸ்லீப்பர் என்றால் தூங்குகிறவன் என்றும் பொருள். இந்தச் சிலேடையை ரஸிக்காதவர்கள் குறைவு, நானும் ரஸித்தவன்தான். இப்போது படிக்கும்போது அதில் ஒரு குறை தென்படுகிறது. கட்டை மனிதனாகிவிட்டது, கட்டையைச் செதுக்கியவன் காணாமல் போய்விட்டான்.

அவன் வீழ்த்திய மரத்தின்மேலேயே ஏறி நின்று, சாதாரணக் கோடரியால் வரிசையாக வெட்டு வைப்பான். பிறகு அகலக் கோடரி. அதன் ஒரு முகம் உளியைப் போலத் தட்டை. விரல் மரத்தில் இடிபடாமல் காம்பு சற்றே வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இரு பக்கமும் சமமாகச் செதுக்கி, பட்டை உரித்து, எட்டடித் துண்டாக்குவான். கூலி, கட்டைக்கு இவ்வளவு என்று. மைலுக்குச் சுமார் 2,500 கட்டைகள் வேண்டும். வயோமிங் காடுகளில் ஸ்வீடன், நார்வேக்காரர்கள் 20-ம் நூற்றாண்டிலும் இதைச் செய்துவந்தார்கள்.

தோரோவுக்கு இந்த உழைப்பு தெரியாததல்ல. 1845-ல் இரவல் கோடரியால் தம் குடிசைக்கு மரம் செதுக்கியவர் அவர். அதைச் சொல்லும் பக்கங்களில் மரவாசனை இருக்கிறது, சிலேடையில் இல்லை.

1869-ல் ப்ராமன்டரியில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் சேர்ந்தன. மெருகிட்ட லாரல் கட்டை ஒன்றை வைத்து விழா நடத்தினார்கள். விழா முடிந்ததும் அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டையைப் பதித்தார்கள். ரயில் ஓடியது அதன்மேல்தான்.

என் கதைகளிலும் ரயில்கள் நிறைய ஓடுகின்றன. எத்தனை லாரல் கட்டைகளின்மேல் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.