வரிக்கு இறந்தோரும் வாக்குக்கு உயிரோடிருப்போரும்

அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியப் பணியாற்றும் கத்தோலிக்கத் துறவியரின் சம்பளத்தில் வருமானவரி பிடித்தம் செய்யலாம் என்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்த 93 மேல்முறையீடுகளை, 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது சிறுபான்மையினர்மீது விழுந்த அடி என்போர் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது.

துறவற சபைகளின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் தமக்கென எதையும் வைத்துக்கொள்வதில்லை. சம்பளம் முழுவதும் சபைக்கே சேருகிறது. 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை முதலாக அரசும் விலக்களித்து வந்தது. 2014-இல்தான் பிடித்தம் செய்யும் ஆணை பிறந்தது. (சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் நம் ஆயர்கள் அவர்களது ஏழ்மையைக் குறைகூற இயலாது.) ஆயினும் வாதத்திற்கு அடித்தளமாக வைக்கப்பட்ட 'குடிமை மரணம்' என்னும் கருத்தே இடறலாயிருக்கிறது. திருச்சபைச் சட்டப்படி, வார்த்தைப்பாடு எடுத்தவர் குடிமுறையில் இறந்தவராம். ஆகவே வருமானம் அவருடையதன்றாம். அங்ஙனமாயின் பணி நியமன ஆணை யார் பெயரில் உள்ளது? வாக்காளர் பட்டியலில் இருப்பவர் யார்?

நம் தொகுதியோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்றை இங்கு நோக்குதல் நன்று. 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று மீண்டும் முதலமைச்சரான செல்வி ஜெயலலிதா, அவ்வாண்டு அக்டோபரிலேயே கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அக்டோபர் 24 அன்று கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்து மூடப்பட்டன. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றபின் அவரது அரசே அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றது. திருச்சபைக்கு அரசியல் ஆகாது என்போருக்கு இதுவே போதிய மறுமொழி. ஆனால் அன்று குரல் கொடுத்தவர்கள் உயிருள்ள குடிமக்களாகவே கொடுத்தனர். வரி அலுவலகத்தின் வாசலில் மட்டும் அவர்கள் இறந்துபோவது எங்ஙனம்?

வேட்பாளர் பெயரைப் பிரசங்க பீடத்தில் சொல்வது வேறு செய்தி. மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது தேர்தல் முறைகேடு என்று உச்சநீதிமன்றம் 2017 ஜனவரி 2 அன்று உறுதிப்படுத்தியது. அதை நான் வரவேற்கிறேன்.

வரிப்பணம் பற்றி இயேசுவிடம் கேட்டவர்கள் காசைத் தங்கள் கையிலிருந்துதான் காட்டவேண்டியிருந்தது. அவரிடம் காசு இல்லை. நம் நிறுவனங்களிடமோ இருக்கிறது. டி. சுப்புலாபுரத்து நெசவாளி சோப்பு வாங்கும்போதே சரக்கு சேவை வரி செலுத்திவிடுகிறார். வழிபாட்டு இடத்திற்குச் சொத்துவரி விலக்கு இருக்கட்டும். கடை வாடகைக்கும் சம்பளத்திற்கும் நாம் வரி செலுத்தியே ஆகவேண்டும். முழுச் சம்பளத்தையும் பொதுப்பணிக்குக் கொடுத்துவிடுவோருக்குச் சலுகை தேவையெனில், எம்மதத்தவராயினும், மடத்துத் துறவியாயினும், அனைவர்க்கும் பொதுவாக அதை நாடாளுமன்றத்திடம் கேட்கலாம்.