'வீண்' என்னும் சொல்

'கடலில் வீணாய்க் கலக்கும் நீர்' என்ற தொடரை மேடையிலும் செய்தித்தாளிலும் கேட்டு வளர்ந்தவன் நான். இனயத்துக்காரனாக இருந்தும் வெகுகாலம் அதைச் சந்தேகித்ததில்லை. அணை பற்றிய சொல்லாடல் பெரும்பாலும் இந்தத் தொடரின் மேல்தான் நிற்கிறது. ஆறு கடல் சேர்வது விரயம் என்றாகிவிட்டால், மறிப்பது தானாகவே நியாயமாகிவிடும். யாருக்கு வீண் என்பது கேட்கப்படுவதில்லை.

கோதையாறும் பரளியாறும் கூடி, குழித்துறை வழியாக வந்து, எங்களூருக்கு மேற்கே தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேர்கின்றன. பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது; பெருஞ்சாணி பிறகு வந்தது. கட்டிய மின்சின் துரையின் கல்லறை அணையருகிலேயே இருக்கிறது. மன்னர், துரை, நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்று கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. காணிக்காரர்கள் அதன் விளிம்பில் இருக்கிறார்கள். கடற்கரை விளிம்பில்கூட இல்லை. (அந்த நெல்லை நாங்களும்தான் தின்றோம், மறுக்கவில்லை.)

அணை நீரோடு மலை மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கரைக்கு வரவேண்டிய மணல் குறைகிறது, அலை அரிப்பதோ நிற்பதில்லை. அஸ்வானில் 1960களின் நடுவில் நைல் வெள்ளம் மறிக்கப்பட்டதும் எகிப்தின் கடலில் சாளைப் பிடிப்பு சரிந்தது. கழிமுகக் கரையும் பின்வாங்கியது. அணைகளைக் கோயில் என்ற நேருவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பிரம்மாண்டத்தின் மீதான மோகம் ஒரு நோய் என்று 1958இல் அவரே சொன்னதை மறந்துவிடுவார்கள்.

இனயத்தின் கடலரிப்பை அணையின் தலையில் மட்டும் கட்டுவதும் எளிமைப்படுத்தல்தான். ஆற்று மணல் கொள்ளை, மணவாளக்குறிச்சித் தாதுமணல், துறைமுகச் சுவர்கள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. எனக்கு விசித்திரமாய்ப் படுவது தீர்வுதான். மலையின் மண்ணை இறங்கி வர விடாமல் மறித்துவிட்டு, மலையையே உடைத்துக் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறோம். எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டே சொன்னார்: "லே மக்கா, மலை மண்ணு ஆத்துல வந்தா யாருக்கும் துட்டு இல்ல. லாரியில வந்தா டெண்டரு உண்டும்லா."

நாளிதழில் தினமும் பேச்சிப்பாறை நீர்மட்டம் அடிக்கணக்கில் வருகிறது. பொழிமுகம் என்று நாங்கள் சொல்லும் அந்த ஆற்றுவாய்க்கு இந்த வருஷம் எவ்வளவு மணல் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி நான் பார்த்ததில்லை.